முருகேசு மாமா படலையடியில் நின்ற பின்னேரம்

எங்கள் குறுகிய ஒழுங்கையில் முருகேசு மாமாவைப் பற்றிக் கதை சொல்லாத வாய் கிடையாது. காட்டிக்கொடுத்தவர் என்பார்கள், காக்கிச் சட்டைக்காகச் சொந்த ஊரை விற்றவர் என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சொல்லுகிறவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்தி. வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவளும் நான்தான்.

அவர் பொலிசில் சேர்ந்தது ஐம்பத்தாறாம் ஆண்டு. எனக்கு அப்போது இரண்டு வயது, ஆகையால் அம்மா சொல்லித்தான் தெரியும். கொழும்பில் பயிற்சி முடித்து முதல் லீவில் மானிப்பாய்ச் சந்தியில் பஸ்ஸால் இறங்கினாராம். காக்கிக் கழிசானும் மினுக்கிய சப்பாத்துமாக அவர் நடந்துவர, ஒழுங்கை முழுதும் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றதாம். என்னுடைய அப்பா தம்பிஐயா புகையிலைத் தோட்டக்காரர், அவ்வளவு சுலபத்தில் கை நீளாத மனுசன். அவரே ஒரு முழு வாழைக்குலையைக் காவிக்கொண்டுபோய் மாமா வீட்டு விறாந்தையில் வைத்தாராம். சொந்தக்காரர் இல்லை, முன்வீட்டுக்காரர், அவ்வளவுதான். பெண் கொடுக்க வந்தவர்களின் தொகையைச் சொல்லி அம்மா சிரிப்பார். கடைசியில் நாதஸ்வரக்காரரின் ஊரான அளவெட்டியில் பூரணம் மாமியை எடுத்தார். அந்த ஊர்ப் பெண் என்றால் மேளத்துக்குக் குறைச்சலா? இரண்டு கூட்டு நாதஸ்வரம், விடிய விடிய வாசித்தார்களாம்.

அதே ஆண்டுதான் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. உத்தியோகத்தில் இருக்கவேண்டுமென்றால் அந்தப் பாஷை படித்துப் பரீட்சை பாஸ்பண்ண வேண்டும். மாட்டேன் என்று வேலையை எறிந்துவிட்டு வந்தவர்களுக்கு ஊரில் மாலை விழுந்தது. மாமா படித்தார். படித்துப் பாஸும் பண்ணினார். முதல் முணுமுணுப்பு அப்போது தொடங்கியது.

அறுபத்தொன்றில் அந்தச் சட்டத்துக்கு எதிராக யாழ்ப்பாணத்தில் சத்தியாக்கிரகம் நடந்தபோது அப்பா போய்க் குந்தியிருந்தார். மாமா அந்த மாதம் முழுக்கத் தெற்கே சிங்களப் பக்கம், மாத்தறையில் வேலை. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் சனத்துக்கு அடித்த பொலிஸ்காரரில் அவரும் ஒருவர் என்று ஒரு கதை எழும்பியது. கண்ணால் கண்டேன் என்று சத்தியம் பண்ணவும் ஆள் இருந்தது. மாத்தறையிலிருந்து கை நீண்டு வந்து அடித்ததாக்கும்! அப்பா மட்டும் கடைத்தெருவில் நின்று சண்டை பிடித்தார். "அங்கை இருந்தவன் நான். அவன் வரேல்லை எண்டு நான் சொல்லுறன், பிறகென்ன உங்களுக்கு?" என்று கேட்டாராம். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அப்பால் போய்ப் பழைய கதையையே சொன்னார்கள்.

அறுபத்தெட்டில் அவர் யாழ்ப்பாணப் பக்கம் மாற்றலாகி வந்தார். அதன்பிறகு அவர் வீட்டு விறாந்தை காய்ந்தது கிடையாது. லைட் இல்லாமல் சைக்கிள் ஓடிப் பிடிபட்டவன், பின்னால் ஆளை ஏற்றிப் பிடிபட்டவன், எல்லையில் ஒரு முழம் தள்ளி வேலிக்குக் கதியால் போட்டு அடிபட்டவன், எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். மாமா ஒரு சொல்லுச் சொல்லி விடுவித்தால், "உவனுக்கு மேலிடத்தோடை ஒட்டு" என்பார்கள். விடுவிக்காவிட்டால், "ஊருக்கு உதவாதவன்" என்பார்கள். அந்த மனுசனை எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் குற்றம்தான். நல்ல சனங்கள்!

சும்மா சொல்லக்கூடாது, அவரைப்போல மெதுவாகக் கதைக்கிற ஆம்பிளையை நான் கண்டதில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் தம்பி சோமசேகரத்தை, எங்களுக்குச் சோமு, அவர்தான் சைக்கிளில் ஏற்றி ஓடப் பழக்கினார். சோமு விழுந்தால் அழமாட்டான், மாமாதான் கண் கலங்குவார். பூரணம் மாமியின் சட்டியில் என்ன கறி கொதிக்கிறது என்று எங்கள் வீட்டுக்கு மணத்திலேயே தெரியும். அப்படிப் புழங்கினோம்.

எழுபதுகளில் நிலைமை மாறியது. அரசாங்கத்தின் புதுப் புள்ளித் திட்டத்தால் எங்கள் பெடியளுக்குப் பல்கலைக்கழகம் எட்டாமல் போயிற்று. சோமுவும் நல்ல புள்ளி எடுத்துவிட்டு வீட்டில் குந்தியிருந்தான். பிறகு கூட்டம், நோட்டீஸ், சுவரில் எழுதுவது என்று திரிந்தான். காக்கி என்றாலே காறித் துப்புகிற காலம் வந்தது. மாமா வேலைக்குப் போகும்போது சட்டைக்கு மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு போகத் தொடங்கினார். ஒருநாள் சோமு அவரிடம் நேரடியாகவே கேட்டான், "மாமா, உந்த வேலையை விட்டால் என்ன?"

"விட்டிட்டு என்ன செய்யிறது ராசா? எனக்கு வேறை ஒண்டும் தெரியாதே," என்றார் அவர். சோமு சிரித்துவிட்டான். அவர்களுக்குள் கோபம் இருந்ததில்லை.

எழுபத்தொன்பது ஆவணியில் எனக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. ஊரில் அவசரகாலச் சட்டம், வீடு வீடாகப் பெடியளைப் பிடிக்கிறார்கள். ஆனாலும் நாள் வைத்தாயிற்று. கலியாணத்துக்கு மூன்று நாளைக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்குகிற அதே நாளில் எங்கள் முற்றத்திலும் கன்னிக்கால் நட்டார்கள். முள்முருக்கங் கிளைதான், ஆனால் அதை நட்டபிறகு வீட்டில் ஒரு தீட்டும் படக்கூடாது, கலியாணத்தையும் நிறுத்தக்கூடாது.

முருகேசு மாமாவின் அண்ணர் ஆடிக் கடைசியில் இறந்திருந்தார். முப்பத்தொரு நாள் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. துடக்குக்காரர் நல்ல காரிய வீட்டுப் படலையைத் தாண்டமாட்டார்கள், அந்த வீட்டாரும் அவர்களிடம் போகமாட்டார்கள். இது ஒருவரும் சொல்லித்தராமலே எங்களுக்குத் தெரிந்த விஷயம். என்னுடைய பலகாரச் சூட்டுக்குப் பூரணம் மாமி வரமுடியவில்லையே என்று நான் அழுதேன். அரியதரம் சுட மாமியை விட்டால் ஆள் இல்லை.

அன்று பின்னேரம் அடுப்படியில் பெண்டுகள் நிறைந்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் பொன்னுருக்குக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. பின்வளவில் சோமு விறகு கொத்திக்கொண்டு நின்றான். நான் முன்பக்கம் வந்தபோது படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி மாமா நிற்பதைக் கண்டேன். வேலை முடிந்து நேரே வந்திருக்கவேண்டும், கழிசான்கூட மாற்றவில்லை. மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. ஆராவது வெளியே வருவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கையைக் காட்டினார். நான் படலைக்கு ஐந்தாறு அடி இப்பால் நின்றுகொண்டேன்.

"அப்பா நிக்கிறாரே பிள்ளை?"

"பொன்னுருக்குக்குப் போட்டார் மாமா. இனித்தான் வருவார்."

"சோமு நிக்கிறானே?"

"ஓம், நிக்கிறான்."

"அவனை ஒருக்கா இஞ்சை வரச்சொல்லு. ஒரு முக்கியமான கதை. நான் உள்ளுக்கு வரேலாதெல்லே. ஒழுங்கையிலை வைச்சுக் கதைச்சிட்டு விட்டிடுறன்."

நான் உள்ளே போனேன். அம்மாவின் தமக்கை நாகேஸ்வரிப் பெரியம்மா குசினி வாசலில் நின்றார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணை உருட்டினார்.

"உனக்கென்ன விசரே? துடக்குக்காரனோடை கதைச்சுப்போட்டு அவன் கன்னிக்காலடிக்கு வாறதே? மூண்டு நாள் போகட்டும், பிறகு ஆறுதலாக் கதைக்கலாம். ஏதும் சொல்லி அனுப்பிவிடு."

எனக்கும் பயம் வந்துவிட்டது. என் கலியாணம், என் தாலி. பின்வளவுக்குப் போகாமலே திரும்பி வந்தேன்.

"சோமு குளிக்கிறான் மாமா. பிறகு வந்து காணுவான்."

சொல்லும்போதே பின்வளவில் கோடாலிச் சத்தம் டொக், டொக் என்று கேட்டது. மாமா அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பெண்டுகள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். "சரி பிள்ளை, குளிச்சு முடிஞ்சதும் உடனை அனுப்பு. மறந்திடாதை," என்றார். பிறகும் அரை மணித்தியாலம் அந்த ஒழுங்கையில் நின்றார். போகிற வருகிற எல்லாரும் அவர் எங்கள் வீட்டைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டார்கள். நான் சோமுவிடம் சொல்லவில்லை. ஐயோ, நான் சொல்லவே இல்லை.

விடியற்காலையில் ஜீப் வந்தது. சோமுவைப் படுக்கையால் எழுப்பிச் சாரத்தோடு ஏற்றினார்கள். அம்மா ஒழுங்கை மண்ணில் விழுந்து புரண்டார். ஜீப்பில் வந்தவர்களில் முருகேசு மாமா இல்லை.

"ஆர் சொல்லிக் குடுத்தது? என்ரை பிள்ளை வீட்டிலை நிக்கிறானெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று அம்மா கதறினார். சனம் சுற்றி நின்றது. அப்போது நான் சொன்னேன்:

"நேற்றுப் பின்னேரம் முருகேசு மாமா வந்து, சோமு நிக்கிறானோ எண்டு கேட்டவர்."

அவ்வளவுதான் சொன்னேன். சொன்னதில் ஒரு சொல்லுக்கூடப் பொய் இல்லை. வரச்சொல்லு என்று கேட்டதைச் சொல்லவில்லை, நான் பொய் சொல்லி அனுப்பியதைச் சொல்லவில்லை. பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் குனிந்துகொண்டோம். அடுத்த வருசம் பெரியம்மா நெஞ்சு வருத்தத்தில் போய்ச் சேர்ந்தார்.

நின்றதை ஊர் கண்டது, கேட்டதை நான் சொன்னேன். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அறுபத்தொன்றில் மாமாவுக்காகச் சண்டை பிடித்த அப்பாவே அன்று அவர் வீட்டு வாசலில் மண் அள்ளித் தூற்றினார். மாமா வெளியே வந்து நின்றார். அப்பா வாய்க்கு வந்தபடி பேசினார். மாமா என்னைத் தேடிப் பார்த்தார். நான் வேலிக்குப் பின்னால் நின்றேன். கண்டுவிட்டார். கண்டபிறகு அப்பாவுக்கு ஒரு பதிலும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். பதில் இல்லாததையே சனம் பதிலாக எடுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் மேளம் இல்லாமல் எனக்குத் தாலி ஏறியது. சீதன வீட்டிலேயே, அம்மா அப்பாவோடேயே குடியிருந்தோம், மாமா வீட்டுக்கு நேர் முன்னால். ஒன்றரை வருசம் அந்த மனுசன் பட்ட பாட்டை நான் தினமும் பார்த்தேன். அவர் கடைக்குள் வந்தால் கதை நிற்கும். தேர் அன்று அவர் வடத்தைப் பிடிக்க, பக்கத்தில் நின்றவர்கள் கையை எடுத்தார்கள். பூரணம் மாமி கிணற்றடியில் தனியே நின்று அழுவார். ஒருதரம் ஒழுங்கையில் என்னை நேரே கண்டு, "சுகமே பிள்ளை?" என்று கேட்டார் மாமா. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் நான். எவ்வளவு திமிர் பாருங்கள் எனக்கு!

உள்ளுக்குள் எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நீங்கள் கேட்கலாம். எச்சரிக்கத்தான் வந்தார் என்று அன்று விடியவே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை நினைக்காமல் இருக்கப் பழகினேன். நினைத்தால், தம்பியைப் பறிகொடுத்தவள் நான் என்றாகிவிடும். அம்மா தினமும் சோமுவின் பேரைச் சொல்லி அழுகிற வீட்டில் அதை எந்த வாயால் சொல்லுவது?

எண்பத்தொன்று மாசியில் ஒரு பின்னேரம் இயக்கப் பெடியள் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு விறாந்தையில் இருந்தார்கள். உள்ளே அம்மாவும் என் அவரும் இருந்தார்கள். வந்தவர்களில் மூத்தவன் என்னைக் கேட்டான்.

"அக்கா, உண்மையை மட்டும் சொல்லுங்கோ. முருகேசர் வந்து, சோமண்ணை வீட்டிலை நிக்கிறாரோ எண்டு கேட்டவரே?"

"ஓம், கேட்டவர்."

"வேறை ஏதும் சொன்னவரே? யோசிச்சுச் சொல்லுங்கோ. சோமண்ணையோடை கதைக்கவேணும், கூப்பிட்டுவிடு, அப்பிடி ஏதும்?"

அவன் அப்படியே கேட்டான். அந்தச் சொல்லையே எடுத்து என் கையில் தந்ததுபோல இருந்தது. பின்னால் அம்மா மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"இல்லை," என்றேன்.

"வடிவா யோசிச்சனீங்களே அக்கா?"

"இல்லை. வேறை ஒண்டும் சொல்லேல்லை."

அவர்கள் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனார்கள். நாலாம் நாள் காலையில், வேலைக்குப் போகிற வழியில், சந்தியில் முருகேசு மாமாவைச் சுட்டார்கள். சால்வையும் சைக்கிளும் றோட்டில் கிடந்தனவாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

செத்தவீட்டுக்கு ஊரில் வயதான ஆறேழு பேர்தான் போனார்கள். காவுவதற்கு நாலு தோள் இல்லை. கடைசியில் பொலிஸ்காரர்தான் வந்து காவினார்கள். அதற்கும் ஊர் சொன்னது: "பாத்தியளே, ஆர் காவுகினம் எண்டு!" மாமியின் ஒப்பாரி எங்கள் வீட்டுக்குள் கேட்டது. என் அவர் கதவைச் சாத்தினார்.

எண்பத்திரண்டு ஆனியில் சோமுவை விட்டார்கள். இடக்காது கேளாது, பல்லு நாலு இல்லை. ஆனால் உயிரோடு வந்தான். உள்ளே இருந்த காலத்தில் அவனைப் பார்க்க அப்பாவுக்கு ஒருதரம்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் கம்பிக்கு அப்பால் ஐந்து நிமிசம், தமிழில் கதைக்கக்கூடாது என்று. இரண்டு பேரும் ஆளையாள் பார்த்ததோடு சரி. அதனால் அவன் சொல்லவேண்டிய எதுவும் எங்களுக்கு வரவில்லை, எங்கள் கதை எதுவும் அவனுக்குப் போகவில்லை.

வந்த அன்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு கேட்டான், "மாமா எங்கை? இன்னும் வேலையாலை வரேல்லையே?"

அம்மா எழும்பி அடுப்படிக்குப் போனார். பிறகு அப்பா, "செத்துப்போனான். உன்னைக் காட்டிக் குடுத்ததுக்குச் சுட்டவங்கள்," என்றார்.

சோமுவின் கையிலிருந்த சோறு அப்படியே விழுந்தது. "என்ன விசர்க்கதை? கூட்டாளி ஒருத்தன்ரை கொப்பி பிடிபட்டது. அதிலை என்ரை பேரும் விலாசமும் இருந்தது. என்னட்டையே காட்டினவங்கள். மாமா ரண்டு தரம் அங்கை வந்து என்னைப் பாத்தவர். சிங்களத்திலை கதைச்சுக் கெஞ்சி உள்ளுக்கு வந்து, சவுக்காரமும் சாரமும் தந்தவர். ‘முதல் நாள் உனக்குச் சொல்ல வந்தனான் ராசா, நீ குளிச்சுக்கொண்டு நிண்டியாம், என்ரை நேரம் பிழைச்சுப்போச்சு' எண்டு அழுதவர்."

சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்த்தான். அன்று பின்னேரம் தான் என்ன செய்துகொண்டு நின்றான் என்று அவனுக்குத் தெரியாதா? கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனான். அதன்பிறகு அவன் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

அடுத்தநாள் நான் முன்வீட்டுக்குப் போனேன். பூரணம் மாமி சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். நான் காலடியில் விழுந்து, குளிக்கிறான் என்று பொய் சொன்னதைச் சொன்னேன். மாமி சுளகைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. அண்டைக்கே வந்து சொன்னவர். கோடாலிச் சத்தம் கேக்குது, குளிக்கிறான் எண்டுது அந்தப் பிள்ளை, துடக்குக்குப் பயந்திட்டுது பாவம் எண்டு."

"பிறகேன் மாமி ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். ‘வாழப்போற பிள்ளை, தன்னாலைதான் தம்பி போனவன் எண்டு தெரிஞ்சால் தாங்குமே? ஊர் என்னைத்தானே பேசும், பேசினால் பேசிப்போட்டு விட்டிடும்' எண்டவர்." மாமி என் தலையைத் தடவினார். "நீ என்ன செய்வாய்? சின்னப்பிள்ளை. சுட்டவங்கள் ஆரோ, உனக்கு அதிலை என்ன?"

அந்தக் கை என் தலையில் இருக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. பெடியள் வந்ததைச் சொன்னேன். அவர்கள் கேட்டதைச் சொன்னேன். அந்த மூத்தவன் திருப்பித் திருப்பிக் கேட்டதையும், நான் இரண்டு தரமும் இல்லை என்றதையும் சொன்னேன்.

மாமி கையை எடுத்தார். கோபப்படவில்லை. சுளகை எடுத்து அரிசியில் இரண்டு கல்லுப் பொறுக்கினார். பிறகு, கடையில் சாமான் விலை கேட்கிற குரலில் கேட்டார்.

"ஓம் எண்டு நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், அவரை விட்டிருப்பாங்களோ பிள்ளை?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெடியனின் முகம் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நின்றது. சுட மனமில்லாமல்தான் அவன் அவ்வளவு கேட்டான்.

"ஓம் மாமி," என்றேன். "விட்டிருப்பாங்கள்."